ஸ்ரீஹரிகோட்டா முத்திரை

பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து கவர் வர மறுத்தது. ராமானுஜம் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தார். இன்னொரு மூலையைப் பிடித்துக் கெஞ்சினார். இருபத்தாறு வருஷத்து மயிலாப்பூர் புழுக்கம் இரண்டையும் ஒட்டிப்போட்டிருந்தது. மணி மூன்று. ஐந்து மணிக்குச் சூடாமணி வருகிறாள்.

ராமானுஜத்துக்கு வயது அறுபத்தொன்று. பாங்கிலிருந்து ஓய்வு பெற்ற ஒண்டிக்கட்டை. சொத்து என்று சொல்லிக்கொள்ள இரண்டாவது மாடியில் ஒரு ஃபிளாட், அதில் பதினான்கு ஸ்டாம்ப் ஆல்பங்கள். ராக்கெட், செயற்கைக்கோள், நிலா தவிர வேறெதையும் அவர் சேர்ப்பதில்லை. மயில் படம் போட்ட ஸ்டாம்ப்பை ஓசியில் கொடுத்தாலும் வாங்க மாட்டார்.

சூடாமணி அடையாறில் கணக்கு டீச்சராக இருந்தவள். அவளுக்கும் அதே பைத்தியம்தான். புது ஸ்டாம்ப் வெளியாகும் நாட்களில் அண்ணா சாலைத் தபால் நிலைய வரிசையில் முன்னும் பின்னுமாக நின்று பழக்கம். பேசியதெல்லாம் முத்திரை, பசை, காகிதம். அதற்கு நடுவே காதல் எந்த வழியாக நுழைந்தது என்று ராமானுஜத்துக்கே தெரியவில்லை. நுழைந்துவிட்டது, அவ்வளவுதான்.

1999-ல் ஒரு நாள் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு எழுதிவிட்டார். கவரில் போட்டால் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும்; கையிலிருந்த எதையும் பிரிய மனசில்லை. ஆகவே தபால் கார்டு. "என்னைக் கல்யாணம் பண்ணிக்கச் சம்மதமா?" என்று ஒரே வரி. அதைத் தபால்காரரும் அவள் வீட்டு வாட்ச்மேனும் படித்திருப்பார்கள். பதில் சொல்ல வேண்டியவள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

பதிலுக்குப் பதிலாக வந்ததுதான் இந்தக் கவர். ஆரியபட்டா ஸ்டாம்ப் ஒட்டி, ராக்கெட் கிளம்பிய மே 26-ஆம் தேதி முத்திரையோடு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து வந்தது. இதற்கொரு முறை உண்டு. விலாசம் எழுதி ஒட்டிய கவரை இன்னொரு கவருக்குள் வைத்து அந்த ஊர் போஸ்ட் மாஸ்டருக்கு அனுப்பினால், ராக்கெட் கிளம்பும் நாளில் முத்திரை குத்தித் தபாலில் சேர்த்துவிடுவார். முத்திரை தெளிவாக விழ உள்ளே ஓர் அட்டையும் வைப்பது வழக்கம். ராமானுஜம் தடவிப் பார்த்தார், அட்டை இருந்தது. விஷயம் தெரிந்தவள் என்று பூரித்துப்போனார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் தி.நகருக்குப் பஸ் பிடித்து, நாலு கடை ஏறி இறங்கி, அதற்கென்றே உசத்தியான பிளாஸ்டிக் உறை வாங்கிவந்தார். இப்போது விட மாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருப்பது அதே உறைதான்.

அடுத்த மாதம் வரிசையில் பார்த்தபோது அவளே கேட்டாள்.

"கவர் வந்துதா?"

"வந்துது. முத்திரை ரொம்ப நன்னா விழுந்திருக்கு."

"வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையா?"

ராமானுஜம் நேர்மையாக யோசித்தார். "ஸ்டாம்ப் ஒரு நூல் சாஞ்சிருக்கு. பரவால்லை."

அதற்குப் பிறகு அவள் அவருக்குக் கவர் எதுவும் அனுப்பவில்லை. வரிசையில் பார்த்தால் சிரிப்பாள், காகிதத்தின் தரம் பற்றி ரெண்டு வார்த்தை பேசுவாள். அவரும் கார்டைப் பற்றிக் கேட்கவில்லை. இல்லை என்று அவள் வாயால் கேட்பதைவிடக் கேட்காமலே இருந்துவிடலாம் என்று தோன்றியது. இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஒவ்வொரு ராக்கெட் கிளம்பும்போதும் ராமானுஜம் டிவி முன் உட்கார்ந்து, அடையாறில் அவளும் இதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்வார். அந்தப் பத்து நிமிஷம் அவருக்குத் துணையிருந்த மாதிரி இருக்கும்.

போன வாரம் அவள் போன் பண்ணினாள். ரிட்டயர் ஆகிவிட்டாளாம். தம்பி குடும்பத்தோடு இருக்கப் புனேக்குப் போகிறாளாம், இனி திரும்புவதாக இல்லையாம்.

"போறதுக்கு முந்தின நாள் உங்காத்துக்கு வரட்டுமா? அந்தக் கவர் இருந்தா ஒரு தடவை பார்த்துட்டுப் போறேன்."

"நீங்க அனுப்பினபடியே இருக்கு," என்றார் பெருமையாக. "அஞ்சு மணிக்கு வரேன்," என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

இன்று கேட்டுவிடுவது என்று ராமானுஜம் முடிவு செய்திருந்தார். கவரை அவள் கையில் கொடுத்து, 'கார்டுக்கு ஏன் பதில் போடலை?' என்று ஒரே ஒரு கேள்வி. அதற்குக் கவர் முதலில் வெளியே வர வேண்டுமே.

ஒட்டிக்கொண்டதைக் குளிரில் வைத்தால் விட்டுவிடும் என்று ஸ்டாம்ப்காரர்களுக்குத் தெரியும். ஃபிரீஸரில் வைத்தார். அரை மணியில் கவர் சமர்த்தாக வெளியே வந்தது. ஆனால் வெளியே வந்ததும் வியர்க்க ஆரம்பித்தது. போதாததற்குக் கொத்தமல்லி வாசனை வேறு.

காயவைக்க மொட்டைமாடிக்குக் கொண்டுபோனார். தண்ணீர்த் தொட்டி நிழலில் வைத்து, மேலே எதையாவது பாரம் வைக்கலாம் என்று திரும்பினார். அந்த ஒரு நொடிக்காகவே காத்திருந்த கடற்காற்று கவரைத் தூக்கிக்கொண்டுபோய், கீழ்வீட்டுக் கோமளம் மாமி காலையில் இட்டு இன்னும் காயாமலிருந்த ஜவ்வரிசி வடாத்தின் மேல் இறக்கியது. நிலாவில் இறக்குகிறவர்களுக்குக்கூட அத்தனை துல்லியம் வாய்க்காது. முழுக்கவரும் வடாத்தில் படிந்து உட்கார்ந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து காக்கா ஓட்டிக்கொண்டிருந்த மாமிக்கு வடாம் பத்து போன வருத்தம். ஆனாலும் நல்ல மனசு. அவர் வேண்டாம் வேண்டாம் என்று கையை நீட்டுவதற்குள் ஈரத்துண்டால் முன்னும் பின்னும் பாத்திரம் துடைக்கிற மாதிரி அழுத்தித் துடைத்து, "இந்தாங்கோ, பளிச்னு ஆயிடுத்து," என்று கொடுத்தாள்.

விலாசம் பால்பாயிண்டில் எழுதியது, அதனால் தப்பித்தது. முத்திரையும் தப்பித்தது. கவர் மட்டும் நனைந்த அப்பளமாகத் துவண்டு தொங்கியது. மணி நாலே முக்கால்.

தெருமுனையில் தங்கவேலுவின் இஸ்திரி வண்டி. ராமானுஜம் செருப்புப் போடாமலே ஓடினார். வெறும் வேட்டி பனியனோடு அவர் தெருவில் இறங்கியதை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"இன்னா சார், இதுக்கா இஸ்திரி?" என்றான் தங்கவேலு.

மேலே ஒரு துணி போட்டு, சூடு பார்த்து, ஸ்டாம்ப் பக்கம் போகாமல் தேய்க்கச் சொன்னார். முக்கியமாகப் பின்பக்கத்து ஒட்டு விட்டுவிடக் கூடாது. பிரித்த கவர் என்றால் மதிப்பே போச்சு.

"உள்ள இன்னாமோ கீதே சார், தடியா?"

"வெறும் அட்டைப்பா. விறைப்புக்கு வைக்கறது. நீ ஒட்டைப் பார்த்துக்கோ."

தங்கவேலு கரிப்பெட்டியை ஒரு முறை ஊதிவிட்டு, பட்டும் படாமலும் தேய்த்தான். கவர் நிமிர்ந்தது. சுருக்கம் போயிற்று. ராமானுஜத்துக்கு உயிர் திரும்பியது. இன்னொரு தடவை, என்று அவர் கேட்டதுதான் தப்பு. ஃபிரீஸரையும் வடாத்தையும் ஈரத்துண்டையும் தாங்கிய பழைய பசை, அந்தச் சூட்டில் முழுசாகக் கையை விரித்துவிட்டது. மூடி மெல்லத் தூக்கிக்கொண்டது. உள்ளேயிருந்த அட்டை வழுக்கி வண்டிமேல் விழுந்தது.

அதே நேரம் தெருமுனையில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து முழுக்க நரைத்துப்போன சூடாமணி, கைப்பையைத் தோளில் சரி செய்தபடி இறங்கினாள்.

ராமானுஜம் திறந்து கிடந்த கவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அழுகை வந்தது, அதை மறைக்கவும் இல்லை. நீங்கள் அனுப்பினபடியே இருக்கிறது என்று சொன்ன வார்த்தை போயிற்று. இனி எந்த முகத்தோடு அவளிடம் கேள்வி கேட்பது? இருபத்தாறு வருஷம் பொத்திப் பொத்தி வைத்த ஒன்றையும் கடைசி நாளில் கோட்டைவிட்டாகிவிட்டது.

தங்கவேலு அட்டையை எடுத்தான். ஈரம் போக வேட்டியில் ஒற்றினான். பின்பக்கம் திருப்பியவன் கண்ணைச் சுருக்கி, எழுத்துக் கூட்டி, தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசித்தான்.

"வெறும் அட்டை இல்ல சார், லெட்டரு! 'எனக்குச் சம்மதம். ராக்கெட் கிளம்பினதும் வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு, மயிலாப்பூர் தபாலாபீஸ் வாசல்ல காத்துண்டிருப்பேன்'னு போட்டுக்கீது."