பெரியம்மா அனுப்பிய செவ்வாய்

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வருகிற எந்தப் பார்சலும் கேட்ட சாமானை மட்டும் கொண்டு வருவதில்லை. பள்ளிக்கூடச் சான்றிதழின் பிரதி ஒன்று அனுப்பச் சொன்னால், அதோடு ஒரு போத்தல் நல்லெண்ணெயும் வரும். மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கேட்டால், அது ஒடியல் மாவுக்குள் புதைந்து பத்திரமாக வரும். வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்த எனக்கு இது விவரம் தெரிந்த நாளிலிருந்து தெரியும். தெரிந்திருந்தும் ஒரு நாள் காலையில் மறந்துபோனேன். அதனால் செவ்வாய்க் கிரகத்தில் சில அப்பாவிகள் மூச்சுத் திணறினார்கள். சூரிய குடும்பமும் பாதி வழியில் நின்றுபோகப் பார்த்தது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. பாமன்கடையில் ஒரு சாப்பாட்டுக்கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்ன ஸ்டூடியோவில் வேலை. சேனல் ஒன்றுக்காக, சூரிய குடும்பத்தைப் பற்றித் தமிழில் ஓர் ஆவணத் தொடர் எடுத்துக்கொண்டிருந்தோம். வாரத்துக்கு ஒரு கிரகம். எழுதுவது நான், கிரகங்களைச் செய்வது நான், தேத்தண்ணி வாங்கப் போவதும் நான். (விசிட்டிங் கார்டில் மட்டும் 'ஆய்வாளர்' என்று போட்டிருந்தது. அம்மா அதைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.)

இந்த வேலையை நான் உயிராக நினைத்தேன். சின்ன வயதில் எங்கள் வீட்டு ரீவியில் ஆங்கிலத்தில் போகும் விண்வெளிப் படங்களை வாய் பிளந்து பார்ப்பேன். வருடக்கணக்காகத் தனியே பயணம் செய்து, நெப்டியூனையும் தாண்டி, திரும்பி வரவே வராத விண்கலங்களைப் பற்றிச் சொல்லும்போது அழுகை வரும். சரியாக அந்த இடத்தில் அப்பா செய்தி பார்க்க மாற்றிவிடுவார். அந்தக் கதையை என்றாவது தமிழில், கடைசிவரை, யாரும் மாற்றாமல் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்கு முதலில் நெப்டியூன் வரைக்கும் போக வேண்டும்.

போகிற போக்கைப் பார்த்தால் அது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. எங்கள் சூரியன் ஒரு பெரிய பல்ப். புதன், சீமெந்து பூசிய பலகை. வெள்ளியின் மேகங்களுக்கு வீட்டிலிருந்து ரைஸ் குக்கர் கொண்டுபோய் ஆவி விட்டேன். (வெள்ளியில் லேசாகச் சம்பா வாசம் அடித்ததாம்.) பூமி எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டோம். மூன்று பகுதிகளையும் பார்த்த சேனல் மேடம், தமிழ் நன்றாக விளங்கும் சிங்களவர், கொள்ளுப்பிட்டி அலுவலகத்துக்கு எங்களைக் கூப்பிட்டு, சனிக்கிழமை ரியூஷன் வகுப்பில் இருப்பது போல இருக்கிறது என்று மிக நாகரிகமாகச் சொன்னார். செவ்வாய் எடுக்கும்போது தானே வந்து பார்ப்பதாகவும், அதில் உயிர் இல்லாவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றும் சொன்னார். செவ்வாயில் உயிர் இருக்கிறதா என்று உலக விஞ்ஞானிகள் தேடுவது அன்றிலிருந்து என் சொந்தப் பிரச்சினையாகிவிட்டது.

எங்கள் இயக்குநர் சிவா அண்ணைக்கு மெல்லப் பேசத் தெரியாது. அவர் "ஆக்‌ஷன்" என்றால் காலி வீதியில் போகிற பஸ் நிற்கும். "மண் முக்கியம் துஷி," என்றார் என்னிடம். "ஆக்கள் பார்த்தவுடனை செவ்வாய் எண்டு நம்ப வேணும்." வெள்ளவத்தைக் கடற்கரை மணலைப் பார்த்து யாரும் செவ்வாய் என்று நம்பப் போவதில்லை. சிவப்பு மண் என்றதும் எனக்கு நினைவு வந்தது யாழ்ப்பாணத்துப் பெரியம்மாவின் தோட்டம். அங்கே போய்விட்டு வந்தால் வெள்ளைச் சட்டை மூன்று தோய்ச்சலுக்கும் வெள்ளையாகாது.

உடனே போன் எடுத்தேன். நல்ல சிவப்பாக, கல்லில்லாமல், மா மாதிரி நைசாக ஒரு மூட்டை மண் வேண்டும் என்றேன். செவ்வாயின் தூசி அப்படித்தான் இருக்கும் என்று நானே பிரதியில் எழுதியிருந்தேன். பெரியம்மா திருப்பிக் கேட்டார்.

"கொழும்பிலை மண்ணுக்கும் பஞ்சமோ பிள்ளை?"

செவ்வாய்க் கிரகத்துக்கு என்று விளக்கினேன். தோஷம் ஏதும் இருக்கிறதா, அம்மா ஏன் தனக்குச் சொல்லவில்லை என்று கேட்டார். ரீவிக்கு என்றதும் சமாதானமாகி, இரவு பஸ்ஸில் போட்டுவிடுவதாகச் சொன்னார்.

மூட்டை வந்து சேர்ந்தது படப்பிடிப்பு நாள் காலையில்தான். காலி வீதியில் பஸ்ஸை மறித்து இறக்கி, ஒரு த்ரீவீல்காரரைச் சிங்களத்தில் "அய்யே, அய்யே" என்று அண்ணன் முறை சொல்லிக் கெஞ்சி ஏற்றி, ஸ்டூடியோ மாடிப்படியில் படிக்கொரு தரம் இழுத்துக்கொண்டு ஏறினேன். அவிழ்த்தால், உரப்பைக்குள் பெரிய பொலித்தீன் பைகள் இருந்தன. சிலதில் செம்மண். கடைசி இரண்டில் இருந்தது இன்னும் சிவப்பு, இன்னும் நைசு. விரலால் தொட்டால் ஒட்டியது. என் கண்ணில் நீர் வந்தது. இந்த வயதில் எனக்காக மனுஷி மண்ணை அரித்தெடுத்து அனுப்பியிருக்கிறாரே என்று நெஞ்சு நெகிழ்ந்துதான் கண் கலங்குகிறது என்று நினைத்தேன்.

(நீங்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். ஆய்வாளர் கண்டுபிடிக்கவில்லை.)

என் தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். எனக்குப் பிறந்ததிலிருந்து பீனிசம். மூக்கு முகத்தின் அழகுக்காக இருக்கிறதே தவிர மணம் பிடிக்காது. தூசு ஒத்துவராது என்று முகக்கவசம் வேறு போட்டிருந்தேன். மற்றவர்கள் ஏன் கவனிக்கவில்லை என்றால், கீழே சாப்பாட்டுக்கடை. தாளிக்கிற நெடி எந்நேரமும் படியேறி வந்துகொண்டிருக்கும். கமராக்காரர் தும்மியபோது சிவா அண்ணை, "கீழை கோழிக்கறி," என்று சொல்லி முடித்துவிட்டார். நான் செம்மண்ணைப் பரப்பி, அந்த நைசான மண்ணை மேலாகத் தூவி, கையால் தடவித் தடவிக் குன்றுகளும் பள்ளங்களும் செய்தேன். கை எரிந்தது. உழைத்தால் எரியத்தான் செய்யும் என்று பெருமையாக இருந்தது.

இடையில் அம்மா போன் எடுத்தார். வேலையாக இருக்கிறேன் என்று வெட்டினேன். திரும்ப எடுத்தார். திரும்ப வெட்டினேன். படப்பிடிப்பு நேரத்தில் எடுக்க வேண்டாம் என்று எத்தனை தரம் சொன்னாலும் விளங்குவதில்லை என்று கமராக்காரரிடம் புறுபுறுத்துவிட்டுப் போனை நிறுத்தி வைத்தேன்.

சேனல் மேடம் வந்தார். வெள்ளைப் பருத்திச் சேலை. செவ்வாயைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தி, நன்றாக இருக்கிறது என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று அவருடைய கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டேன்.

தொடரின் தொகுப்பாளர் தாஹிர் நானா. கிராண்ட்பாஸ்காரர். நல்ல கம்பீரமான குரல். அவருக்கு ஒரு கொள்கை உண்டு. இயக்குநர் "கட்" சொல்லும்வரை பேச்சை நிறுத்த மாட்டார். புதன் எடுக்கும்போது கரண்ட் போய்விட்டது. இருட்டுக்குள்ளும் மனிதர் புதனைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். அன்று அவருக்கு வெள்ளை மழைக்கோட்டும், வெள்ளைப் பெயின்ற் அடித்த மோட்டார்சைக்கிள் ஹெல்மெட்டும் போட்டு விண்வெளி வீரராக்கியிருந்தோம். கழுத்தடியில் டேப் ஒட்டி இறுக்கமாக அடைத்து, மைக்கை உள்ளே வைத்தோம். வெளிச்சத்தம் வராமல் யன்னல்கள் எல்லாம் மெத்தையால் மூடியிருந்தன. ஏசியையும் நிறுத்தினோம்.

செவ்வாய் என்றால் புழுதிப்புயல் வேண்டும். அதற்காகக் கல்யாண மண்டபம் ஒன்றிலிருந்து ஆளுயர மின்விசிறி கொண்டு வந்திருந்தோம். தாஹிர் நானா கிரகத்தின் நடுவில் போய் நின்றார். சிவா அண்ணை "ஆக்‌ஷன்" என்று முழங்கினார். நான் விசிறியைப் போட்டேன்.

புயல் அருமையாக எழும்பியது. அந்த ஒரு கணத்தை நினைத்தால் இப்போதும் புல்லரிக்கிறது. அறை முழுக்கச் செக்கச்சிவந்த மேகம். அதன் நடுவில் வெள்ளை உடையில் ஒரு மனிதன்.

பிறகு கமராக்காரர் ஒரு சத்தம் போட்டார். தும்மலும் அழுகையும் சேர்ந்த மாதிரி. கமராவை ஓடவிட்டபடியே கதவைத் தேடி ஓடினார். சேனல் மேடம் முகத்தைச் சேலையால் பொத்திக்கொண்டு எழும்பினார், இருந்தார், திரும்ப எழும்பினார். சிவா அண்ணை "கட்" சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் அரைவாசிச் செவ்வாய் போய்விட்டது. பஸ்ஸை நிறுத்துகிற அந்தத் தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது. என் முகக்கவசம் மூக்கைக் காப்பாற்றியது. கண்ணைக் காப்பாற்ற ஒன்றும் இருக்கவில்லை. தடவித் தடவி விசிறியின் பொத்தானைக் கண்டுபிடித்து அழுத்தினேன். அது வேகத்தைக் கூட்டுகிற பொத்தான்.

தெருவுக்கு எப்படி வந்தோம் என்று தெரியாது. சாப்பாட்டுக்கடை முதலாளி எங்களைப் பார்த்துவிட்டு, தன் குசினியில்தான் ஏதோ பிழை என்று சமையல்காரரைச் சிங்களத்தில் ஏசினார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தண்ணீர்ப் போத்தல்களோடு ஓடிவந்தார்கள். மேடத்தின் வெள்ளைச் சேலை செம்மஞ்சளாகியிருந்தது. கண்கள் அதைவிடச் சிவப்பு. ஒருவர் அவருடைய கையில் தயிர்ச்சட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மதிலோடு சாய்ந்து அழுதேன். பாதி எரிச்சலில், பாதி நெப்டியூனை நினைத்து.

நெடுநேரம் கழித்து தாஹிர் நானா ஹெல்மெட்டோடு இறங்கி வந்தார். கண்ணாடியைத் தூக்கினார்.

"கட் சொல்ல ஒருத்தரும் இல்லயா? நான் இவ்வளவு நேரமும் பேசிட்டே ஈந்த."

பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி, மழைக்கோட்டில் படிந்திருந்ததை விரலில் தொட்டு முகர்ந்தார். முகம் கோணி, தெரு அதிரத் தும்மினார்.

"இது மண்ணில்ல மகள். கொச்சிக்காத் தூள்."

போனைத் திரும்பப் போட்டு அம்மாவுக்கு எடுத்தேன். "ஏன் பிள்ளை வெட்டுறாய்? உன்ரை மண்ணோடை பெரியம்மா மிளகாய்த்தூளும் விட்டவவாம். தனி மண்ணை எப்பிடி விடுறது, ஒரு மாதிரி இருக்கு எண்டு. பத்திரமா எடுத்து வைச்சனியோ?"

நடந்ததைச் சொன்னேன். அம்மா நீண்ட பெருமூச்சு விட்டார். மகளுடைய வேலை போகப் போகிறதே என்று கவலைப்படுகிறார் என்று நினைத்தேன்.

"ஒரு வருசத் தூளடி. கூட்டி அள்ளிக்கொண்டு வா, அரிச்செடுப்பம்."

மேடத்திடமும் சிவா அண்ணையிடமும் போய், எல்லாம் என் பிழை, நாளையிலிருந்து வர மாட்டேன் என்று சொன்னேன். சிவா அண்ணைக்கு இன்னும் குரல் வரவில்லை. மேடம் தயிர்ச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, இவ்வளவு அழுதபிறகு எடுத்ததையாவது பார்க்காமல் போக முடியாது என்றார். அறை காற்றாடும்வரை காத்திருந்து, ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு மேலே போய்ப் பார்த்தோம்.

திரையில் சிவப்பு மேகம் சுழன்றது. தாஹிர் நானா நான் எழுதியதைச் சொல்லத் தொடங்குகிறார். இங்கே இருப்பது நமக்கான காற்று அல்ல, மனிதன் ஒரு மூச்சுக்கூட இழுக்க முடியாது என்று. அந்த இடத்தில் அவருடைய கண்கள் கமராவைத் தாண்டிப் போகின்றன. நாங்கள் ஒவ்வொருவராக விழுந்தெழும்பி ஓடுவதைப் பார்க்கிறார். கண்களில் நிஜமான பயம். ஆனால் "கட்" வரவில்லையே. என்னுடைய எழுத்து முடிந்துபோய்விட்டது, மனிதர் நிறுத்தவில்லை.

"கூட வந்தவர்கள் போய்விட்டார்கள்," என்றார், மெல்ல. "நான் தனியாக நிற்கிறேன். இங்கிருந்து பார்த்தால் பூமி ஒரு சின்ன வெளிச்சம். அதில் கிராண்ட்பாஸ் எங்கே, வெள்ளவத்தை எங்கே என்று தெரியாது. ஆனால் என் வீடு அங்கேதான் இருக்கிறது. இதை யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், நன்றாக ஒரு மூச்சு இழுத்து விடுங்கள். அது இங்கே கிடைக்காது."

மேடம் தன்னையறியாமல் ஒரு மூச்சு இழுத்து விட்டார். (பிறகு இருமினார். தூள் முழுக்கப் போயிருக்கவில்லை.) கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த கிரகம் எப்போது என்று சிங்களத்தில் கேட்டார்.

நான் அன்று அழுத மூன்றாவது அழுகைக்கும் மிளகாய்க்கும் சம்பந்தமில்லை.

செவ்வாய் ஒளிபரப்பான அன்று பெரியம்மா அயலட்டை முழுவதையும் கூட்டிவைத்துப் பார்த்தாராம். தாஹிர் நானாவின் நடிப்பைப் பற்றியோ என் எழுத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. தூளின் நிறம் ரீவியில் எப்படி எடுத்துக் காட்டியது என்பதுதான் பேச்சு. எங்கள் வீட்டில் இன்றைக்கும் சாப்பாட்டு மேசையில் யாருக்காவது புரையேறினால், தண்ணீர் கொடுக்க முதல் அப்பா "கட்" என்கிறார். அம்மா மிளகாய் வறுத்தால் பக்கத்து ஃபிளாட்டில் இருப்பவர்கள்கூட, இன்றைக்குச் செவ்வாயோ என்று கேட்கிறார்கள்.

அதன்பிறகு ஒவ்வொரு கிரகத்துக்கும் பெரியம்மாவிடமிருந்து போன் வரும். வியாழனில் நிலமே இல்லை, அங்கே ஒன்றும் வேண்டாம் என்று சொன்னேன். சும்மா எப்படி விடுவது என்று பருத்தித்துறை வடை வந்தது. சனிக்கு எள்ளுருண்டை. யுரேனஸுக்குப் புழுக்கொடியல். எல்லாப் பையிலும் கொட்டை எழுத்தில் 'மண் இல்லை' என்று எழுதியிருக்கும். மேடம் ஒவ்வொரு படப்பிடிப்புக்கும் தவறாமல் வந்தார். வெள்ளைச் சேலை மட்டும் அதற்குப் பிறகு கட்டி வரவில்லை.

நெப்டியூனை முடித்த அன்று பெரியம்மாவிடம் சொன்னேன், இனிக் கிரகம் இல்லை, எல்லாம் முடிந்துவிட்டது என்று. அங்கிருந்து சிரட்டையால் எதையோ அள்ளிப் போடுகிற சத்தம் கேட்டது.

"நெப்டியூனையும் தாண்டி ஏதோ போகுதெண்டு சின்னனிலை சொல்லிச் சொல்லி அழுவியே பிள்ளை. அது இன்னும் போகுதோ?"

"ஓம் பெரியம்மா. இன்னும் போகுது."

"பின்னை என்ன முடிஞ்சது? நான் பார்சல் கட்டிப்போட்டன்."