இருநூறு குதிரையில் காணாமல் போன அறுபத்து மூன்று

அன்புள்ள மச்சான் கிளமென்ட்டுக்கு,

லௌத்திலிருந்து உன் அத்தான் நாரிஸ். இங்கே நானும் உன் அக்கா மேவிஸும் சுகம்; உன் முதுகுவலி தேவலையாகியிருக்கும் என்று நம்புகிறேன். விஷயத்துக்கு வருகிறேன். இருநூறு குதிரைத்திறன் என்று சொல்லி, பதினாலாயிரம் பவுண்டுக்கு உனக்குப் பேசி முடித்த, ஷெட்டில் நானே பூட்டிச் சேர்த்த என் கார், சனிக்கிழமை அளந்து பார்த்ததில் நூற்று முப்பத்தேழுதான் காட்டியது. அதற்காக மோட்டார்சைக்கிளை விற்று முன்பணம் கொடுத்தவன் நீ. போனில் சொல்லத் துணிவில்லை, எழுதுகிறேன்.

நான் பொய் சொன்னதாக நினைக்காதே, கூட்டினேன். அதற்காக நான் வாங்கிய, பழைய காரிலிருந்து கழற்றிய எஞ்சினை விற்றவன் நூற்று முப்பது என்றான். அப்புறம் நான் வாங்கிப் பூட்டிய ஒவ்வொரு சாமானின் பெட்டியிலும் இத்தனை குதிரை கூடும் என்று அச்சடித்திருந்தது. கார்புரேட்டருக்கு இருபத்தைந்து, கேம் தண்டுக்கு இருபது, புகைக்குழாய்க்குப் பதினைந்து. காற்று வடிகட்டிக்கு ஐந்து; தள்ளுபடியில் கிடைத்ததால் அதில் இரண்டு வாங்கினேன், ஒன்றைத்தான் பூட்ட இடமிருந்தது. மற்றது இன்னும் ஷெட் அலமாரியில் இருக்கிறது, அதன் ஐந்து குதிரையும் கணக்கில் இருக்கிறது. மொத்தம் இருநூறு. என் கம்பளக் கடையில் வாடிக்கையாளர் சொல்லும் அளவை ஒருநாளும் நம்பாமல் நானே டேப்பை எடுத்துக்கொண்டு போகிறவன், பெட்டி சொன்னதை நம்பினேன்.

உன்னிடம் காரோடு திறன் அச்சடித்த ஒரு தாளும் கொடுத்தால் கம்பீரமாக இருக்குமே என்றுதான் எங்கள் கார் கிளப் எஞ்சின் திறன் அளக்கும் நாளுக்குப் போனேன். தூறலில் கூரையில்லாத காரில் நனைந்துகொண்டே போய்ச் சேர்ந்தால், பட்டறை வாசலில் கரும்பலகை வைத்து அவரவர் தம் காரின் திறனை முன்கூட்டியே எழுதச் சொன்னார்கள். நான் 200 என்று மற்றவர்களைவிடப் பெரிதாக எழுதினேன். பட்டறைக்காரி ஐரீன், பின்சக்கரங்களைத் தரையில் பதித்த உருளைகள் மேல் ஏற்றி, பட்டைகளால் காரைக் கட்டி, முடுக்கினாள். கார் மொத்தமே ஐந்நூறு கிலோ அல்லவா, சக்கரம் உருளையில் பிடிக்காமல் வழுக்கியது, திரையில் தொண்ணூற்றாறு. பின்னால் கனம் வேண்டும் என்றாள். நானும், மதுக்கடை நடத்தும் ரெஜியும் ஆளுக்கொரு பக்கம் ஏறி உட்கார்ந்தோம். ரெஜியை உனக்குத் தெரியும், இரண்டு ஆள் எடை. சத்தத்தில் என் காது அடைத்து, தொப்பி பறந்து, ரெஜியின் பக்கத்து மட்கார்டு விரிசல் விட்டு, அவன் கையிலிருந்த பன்றிக்கறி பன் என் மடியில் விழுந்து, இத்தனைக்கும் பிறகு சக்கரத்தில் நூற்றுப் பதினெட்டு. கியர்பெட்டியும் அச்சும் தின்றதைச் சேர்க்க வேண்டாமா, கம்பளத்தில் வெட்டுச் சேதாரம் சேர்ப்பதில்லையா என்று வாதாடினேன். அவள் காரைத் தானாக ஓய விட்டு, உராய்வில் வீணாவதை அளந்து அதையும் கூட்டினாள். நூற்று முப்பத்தேழு. இன்று ஈரக்காற்று, அதற்கும் கொஞ்சம் சேர் என்றேன்.

“மழையை மெஷினே கணக்குல சேர்த்துடுச்சு நாரிஸ். நீங்க ரூம் அளக்கறப்ப பக்கத்து வீட்டு ஹாலையும் சேர்த்துத்தான் அளப்பீங்களா?” என்றாள்.

“விடும்மா, பாக்கி அறுபத்து மூணும் மழைக்குப் பயந்து லாயத்துல நிக்குது” என்றான் ரெஜி. அத்தனை பேரும் சிரித்தார்கள்.

அத்தோடு வந்திருந்தால் இந்தக் கடிதம் பாதியில் முடிந்திருக்கும். எல்லோரும் டீக்குப் போனபின் ஐரீனைத் தனியாகப் பிடித்து, தாளில் மட்டும் இருநூறு என்று அடித்துக் கொடு, உன் வீட்டு மாடிப்படிக்கு நல்ல கம்பளம் நானே வந்து விரித்துத் தருகிறேன் என்றேன். ஆமாம் மச்சான், சொன்னேன். அவள் கோபப்படவில்லை.

“படிக்குக் கம்பளம் வேணும்தான். ஆனா அந்தப் படியில தினமும் ஏறப்போறது நானாச்சே” என்றாள்.

எனக்கு அங்கேயே அந்த உருளைக்கடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. ஓரங்குலம் குறைத்து வெட்டியதில்லை என்று சொல்லிச் சொல்லியே இந்த ஊரில் மூன்று கடை போட்டவன் நான். விரிசல் விட்ட மட்கார்டைக் கடை டேப்பால் ஒட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன். மேவிஸிடம் கம்பள விஷயம் தவிர எல்லாம் சொன்னேன். “என் தம்பிகிட்டயா உங்க வியாபாரத்தைக் காட்டினீங்க?” என்று கேட்டுவிட்டு, இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கொஞ்சம் ஓசையாக வைத்தாள்.

ஆகையால் முன்பணத்தை முழுதாகத் திருப்பித் தருகிறேன். கார் வேண்டாமென்று நீ சொன்னால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன், இனி யாரிடமும் இந்தக் காரைப் பற்றி அளந்ததற்கு மேல் ஒரு குதிரையும் சொல்லமாட்டேன். உன் முதுகு நிமிர்ந்து, வீட்டில் எல்லோரும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும்.

வெட்கத்துடன்,
உன் அத்தான் நாரிஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் உன் போன் வந்துவிட்டது. வாய்ப்பேச்சு வியாபாரத்துக்கு ஆகாது, பேசியதை எழுத்தில் வைக்கிறேன். நூற்று முப்பத்தேழு என்று சொன்னேன். “அத்தான், ஃபேக்டரியில எல்லார்கிட்டயும் இருநூத்திப் பத்துன்னு சொல்லிட்டேனே” என்றாய். அந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. முடிவானது இது: ஐரீன் கொடுத்த தாளை நான் கிழித்துவிடுவது, இந்தக் கடிதத்தை நீ படித்ததும் எரித்துவிடுவது, உன் ஃபேக்டரிக்காரர்கள் யார் கேட்டாலும் நான் இருநூற்றுப் பத்து என்று சொல்வது, மட்கார்டு செலவு என்னுடையது, விலை பதினோராயிரம் பவுண்டு.