அட்டையில் அப்பாவின் படம்

அம்மா எழுதியது அறுபது சமையல் குறிப்புகள். அதற்கு அப்பா எழுதியது பதினெட்டுப் பக்க முன்னுரை. அடுப்பை எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்றுகூடத் தெரியாத மனிதர்! இந்த அநியாயத்தைத் தட்டிக்கேட்க வீட்டில் நான் ஒருத்திதான்.

"அம்மா புத்தகத்துக்கு நீங்க எதுக்குப்பா முன்னுரை?"

"பதிப்பாளர் எழுதறதுதானேம்மா முறை."

"யாரு பதிப்பாளர்?"

சட்டைப்பையிலிருந்து விசிட்டிங் கார்டை உருவினார். அவர் பெயர். கீழே கொட்டை எழுத்தில் 'பதிப்பாளர்'.

சொந்தச் செலவில் போடுவதாக முடிவே செய்துவிட்டார். அட்டையில் அவர் படமும் வருமாம். நல்ல பதிப்பகம் போட்டால் திருத்த ஆள் உண்டு, கடைகளுக்குக் கொண்டுபோக ஆள் உண்டு என்று அரை மணி நேரம் வாதாடினேன். அம்மாவின் ஆசையும் அதுதான்.

"முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் படிச்சிட்டு நல்லா இருக்குன்னு சொல்லணும்டி. உங்கப்பா இருபத்தஞ்சு வருஷமா சாப்பிடறார், ஒரு நாள் சொன்னதில்ல."

"பதிப்பகத்துக்கு அனுப்பி ஒரு மாசம் ஆச்சு. பதிலே இல்லையே!" என்றார் அப்பா, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு.

மின்விசிறியைப் பார்த்துப் பேசினால் பொய். மறுநாள் அவர் அலமாரியைக் குடைந்தேன். சட்டைகளுக்கு அடியில், பதிப்பகத்துக்கு அனுப்பச் சொல்லி அம்மா கொடுத்த உறை, தபால்தலைகூட ஒட்டாமல்! கொதித்துப்போய் அம்மாவிடம் ஓடினேன்.

"கத்தாதே. இருந்த இடத்துலயே வை" என்றாள்.

அன்று மாலை அப்பாவிடம் குழைந்தாள். "நீங்களே போடுங்க. ஆனா சமைக்கவே தெரியாத ஒருத்தர், நான் எழுதினதை மட்டும் படிச்சு, அறுபதையும் செஞ்சு பார்க்கணும். பதிப்பாளருக்குத்தானே அந்தப் பொறுப்பு?"

"பின்னே?" என்று நெஞ்சை நிமிர்த்தினார் பதிப்பாளர்.

இரண்டு மாதம் எங்கள் வீட்டில் புகை ஓயவில்லை. அம்மா கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து குறிப்புகளைத் திருத்தினாள்.

"பொன்னிறமாகும்வரைன்னு எழுதியிருக்கே. வெங்காயம் கறுப்பாயிடுச்சே!"

"நடுவுல பொன்னிறமா இருந்திருக்குமே. அப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"முன்னுரையைத் திருத்திட்டிருந்தேன்."

அறுபதாவதாக ஒரு சூப். உண்மையிலேயே நன்றாக இருந்தது. "அச்சகத்துக்குக் கிளம்பலாமா?" என்றார் அப்பா, மூக்கில் மாவோடு. அம்மா ஒரு கடிதத்தை நீட்டினாள்.

பதிப்பகத்தின் கடிதம். 'படித்தோம், மிக நன்றாக இருக்கிறது. சமையல் தெரியாத ஒருவர் எல்லாவற்றையும் செய்து பார்த்ததும் அச்சுக்குப் போகலாம்.' தேதி, நான் அலமாரியைக் குடைந்ததற்கு முந்தின வாரம். உறையை எனக்கு முன்பே கண்டுபிடித்து, வேறு பிரதி அனுப்பியிருக்கிறாள்!

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா!"

"சொன்னா நீ வாதாடியே காட்டிக்குடுத்திருப்பே."

அப்பா ஈனசுரத்தில் கேட்டார்: "என் முன்னுரை?"

"வேணாம்னுட்டாங்க."

"படம்?"

"அட்டையிலயே போடறாங்க."

அப்பாவின் முகம் மலர்ந்தது. போன வாரம் புத்தகம் வந்தது. அட்டை முழுக்க அப்பாதான்: இடுப்பில் ஏப்ரன், மூக்கில் மாவு, கையில் கருகிய கரண்டி. கீழே கொட்டை எழுத்தில்: 'இவருக்கே சமையல் வந்துவிட்டது!'