கடவுச்சொல் போடும் முன்பே உள்ளே போனவன்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை தக் கீ-ஜூன் அவர்களுக்கு,

மாமனார் பியோ தல்-சூ எழுதுவது. சளியைத் தவிர்த்துப் பார்த்தால் நானும் உங்கள் மாமியாரும் நலம். சியோலில் குளிர் எப்படி, குழந்தைக்குப் பல் முளைத்ததா என்று கேட்டுவிட்டு விஷயத்துக்கு வருவதுதான் முறை, கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

போன வியாழக்கிழமை உங்களைத் தொலைபேசியில் "வீட்டைக் காட்டிக்கொடுத்த பயல்" என்றேனே, அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நடந்தது இதுதான். நம் வளைகுடாவைத் தூர்த்துக் கிடங்கு கட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும், சிப்பி உடைக்கும் பெண்கள் அறுபத்துமூன்று பேர் சொன்னதையெல்லாம் கேட்டு, ஒற்றை விரலால் எட்டு மாதம் கணினியில் தட்டிச் சேர்த்து வைத்திருந்தேன். திங்கட்கிழமை மாவட்ட அலுவலகத்தில் விசாரணை. வழக்கமாக ஒன்பதுக்கே கணினி முன் உட்கார்ந்துவிடுவேன்; அந்த வியாழனன்று பத்தாகிவிட்டது. திறந்தால் கடவுச்சொல் கேட்டது. நான் முதல் எழுத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே திரையில் தானாக ஒரு கட்டம் முளைத்தது. 'நகலெடுப்பு தொடங்கிவிட்டது. அணைக்க வேண்டாம்.' பூட்டை இன்னும் திறக்கவே இல்லை, அதற்குள் உள்ளே ஆள் நடமாட்டம்! முடிதிருத்தும் கடையை மூடிவிட்டு ஓய்வாக இருக்கும் பக்கத்து வீட்டு பாங் என்பவரைக் கூப்பிட்டேன்.

"தல்-சூ, இது அந்தக் கிடங்கு கட்டுற கம்பெனிக்காரன் வேலைதான்யா! நம்ம பொம்பளைங்க சொன்னதையெல்லாம் உறிஞ்சிக்கிட்டுப் போறான். பாரு, பச்சைக் கோடு நகருது!"

"ரெண்டு பேரும் வேடிக்கையா பாக்குறீங்க? கரண்டைப் பிடுங்குங்க!" என்றாள் உங்கள் மாமியார்.

பிடுங்கினேன். மறுபடி போட்டால் மறுபடி அதே கட்டம். மூன்று தடவை பிடுங்கினேன், மூன்று தடவையும் வந்தான், விடாக்கண்டன். நாலாவது தடவை சிப்பி ஓட்டை மிதித்த மாதிரி ஒரு சத்தம், அப்புறம் ஒரே இருட்டு. சூசொக் பண்டிகைக்கு வந்தபோது நீங்கள் அரைமணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. உடனே உங்களைக் கூப்பிட்டு, வாய் திறக்க விடாமல் திட்டிவிட்டு வைத்தேன்.

கோபம் போனபிறகுதான் கணக்குப் போட்டேன். அறுபத்திரண்டு பேரிடம் திரும்பக் கேட்கலாம். மிச்சமிருக்கும் மே-வொல் அக்கா செப்டம்பரிலேயே இறந்துபோனாரே, அவரிடம் எங்கே போய்க் கேட்பேன்? கணினியை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் சந்தைக்குப் போனேன். பழுது பார்க்கும் நம்குங் என்ற பெண் அதைத் திறந்து பார்த்தாள்.

"ஐயா, இது ரெண்டு மாசமாவே இழுத்துக்கிட்டுக் கெடந்திருக்கு. நீங்க பிடுங்கலேன்னாலும் போயிருக்கும். பின்னாடி கறுப்பா ஒரு பெட்டி தொங்கிச்சா?"

"தொங்கிச்சும்மா. திருடனோட சாமானாச்சே, குப்பையில போடச் சொல்லிட்டேன்."

"ஐயோ! நகலெல்லாம் அதுலதான் இருக்கும்! ஓடுங்க!"

வீட்டுக்கு ஓடினேன். குப்பை வண்டி போயிருந்தது. உங்கள் மாமியார் அலட்டிக்கொள்ளாமல் கிம்ச்சி ஊறுகாய்க் குளிர்பெட்டியைத் திறந்து, நெகிழிப் பையில் சுற்றிய பெட்டியை எடுத்து நீட்டினாள். "போலீசுக்குக் காட்ட ஆதாரம் வேணாமா? ஆதாரத்தைப் போய் யாராவது குப்பையில போடுவாங்களா?"

அதில் அறுபத்துமூன்றும் இருந்தன, மாப்பிள்ளை. தினமும் பத்து மணிக்கு, நான் உள்ளே நுழைந்தாலும் நுழையாவிட்டாலும், அவன்பாட்டுக்கு நகலெடுத்து வைத்திருக்கிறான். நான் பிடுங்கப் பிடுங்க, பாதியில் விட்டதை முடிக்கத்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கிறான். திங்கட்கிழமை மே-வொல் அக்கா சொன்னதை நானே படித்தேன்: "கடல் எனக்கு மாமியார் மாதிரி. திட்டும், ஆனா சோறு போடும்." அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். புதிதாக ஆய்வு செய்யும்வரை தூர்க்கக்கூடாது என்று உத்தரவாகிவிட்டது. அலுவலக வாசலிலேயே பெண்கள் ஆடினார்கள், பாங்கும் ஆடினார்.

பண்டிகையன்று அந்தப் பெட்டியை மாட்டிவிட்டுப் போனீர்களே, என் மகளைக் கொடுத்தபோதுகூட உங்களை இவ்வளவு மெச்சியதில்லை. பெண்கள் உங்களுக்கென்று இரண்டு பெட்டி சிப்பி அனுப்புகிறார்கள். நீங்களும் குழந்தையும் நூறாண்டு வாழ்க. மாமியாரின் ஆசியும் இதனுடன்.

நன்றி மறவா மாமனார்,
பியோ தல்-சூ

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் என் மகள் உன்-சில் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அப்பா, அவருக்குக் கம்ப்யூட்டர்ல சீட்டு விளையாட மட்டுந்தான் தெரியும். பண்டிகையன்னிக்கு நீங்களும் அவரும் சாப்பிட்டுக் குறட்டை விட்டப்போ நான்தான் அந்தக் கறுப்புப் பெட்டியை மாட்டினேன்" என்கிறாள். இவ்வளவையும் திரும்ப எழுத என் விரலுக்குத் தெம்பில்லை. ஆகவே 'மாப்பிள்ளை' என்று வரும் இடத்திலெல்லாம் 'மகளே' என்று மாற்றி, அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டவும். நான் திரும்பப் பெற்ற திட்டை நீங்களே வைத்துக்கொள்ளலாம். சிப்பி லாரி ஏறிவிட்டது. வந்ததும் உட்கார்ந்து அவளுக்கு உடைத்துக் கொடுங்கள்.