கட்டடங்காட்டி

துறைமுகப் பட்டணங்களில் காகங்களுக்கும் எலிகளுக்கும் அடுத்தபடியாகப் பெருகிக் கிடக்கும் உயிரினம் கட்டடங்காட்டி. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் குனிந்து நடந்தாலும் ஒன்றின்மேல் மோதாமல் வீடு திரும்ப முடியாது. தூண் வைத்த எதைக் கண்டாலும் அதன் வலக்கை தானாக உயரும். வாய் ஓர் ஆண்டைச் சொல்லும். உள்ளே போய்ப் பார்த்திருக்குமா? அதற்கெல்லாம் நேரம் ஏது?

டத்தோ கிராமாட்டில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் பால்ராஜையே எடுத்துக்கொள்ளுங்கள். விருந்தாளிக்குக் காப்பி வருவதற்குள் காரை வெளியே எடுத்துவிடுவார். மணிக்கூண்டின் உயரம், கோட்டைப் பீரங்கியின் எடை, நகர மண்டபத்துச் சன்னல்களின் எண்ணிக்கை எல்லாம் அவருக்கு மனப்பாடம். மறந்துபோனாலும் அசரமாட்டார், ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சத்தில் நின்ற இடத்திலேயே ஒன்றைக் கட்டி முடித்துவிடுவார்.

போன மாதம் அகப்பட்டவர் புஷ்பவள்ளி. பால்ராஜின் மனைவி ஆலிஸோடு பயிற்சிக் கல்லூரியில் படித்தவர், ஈப்போக்காரர். அவருடைய அப்பா இங்கே செட்டியார்கள் தங்கித் தொழில் நடத்திய கிட்டங்கி ஒன்றில் இருபது வருஷம் சமைத்தவர். பிள்ளைகள் யாரும் அந்த இடத்தைப் பார்த்ததில்லை. இப்போது தம்பி படுத்த படுக்கை. “கதவையாவது படம் பிடிச்சிட்டு வாக்கா” என்று அனுப்பியிருக்கிறான். மூன்று மணிக்கு ரயில், அதுவும் ஃபெரியில் கடல் தாண்டி அக்கரைப் பட்டர்வொர்த்தில்.

“அண்ணே, கிட்டங்கித் தெரு எங்க இருக்கு?”

“அப்படி ஒரு ஜாலானே பினாங்குல இல்லம்மா. அறுபத்தஞ்சு வருஷமா இங்க இருக்கேன், எனக்குத் தெரியாதா? காடியில ஏறுங்க லா.”

ஏறினார். வேறென்ன செய்வது? கோட்டை வந்தது, போனது. மணிக்கூண்டு வந்தது.

“லேசா சாஞ்சிருக்கு பாத்தீங்களா? நான் காட்டலன்னா யாருக்கும் தெரியாது!”

“அண்ணே, அந்தத் தெரு...”

“அட, இருங்கம்மா. சுங்கக் கட்டடம் இன்னும் பாக்கல.”

சுங்கக் கட்டடமும் ஆனது. மணி ஒன்றரை. பிறகு பினாங்கு தெருவில் காரை நிறுத்தி, பழைய வீடொன்றின் கதவோடு முதுகு ஒட்ட அவரை நிற்கவைத்து, எதிர்வீட்டு மாடிச் சன்னலின் கண்ணாடியைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினார் பால்ராஜ். மூச்சு வாங்க அவர் நிறுத்திய இடைவெளியில், புஷ்பவள்ளி பக்கத்துப் பத்திரிகைக் கடைக்கு நழுவி, கடைக்காரர் கமாலுதீனிடம் கேட்டுவிட்டார்.

“கிட்டங்கித் தெருவா? அதுலதானேக்கா நிக்கிறீங்க! போர்டுலதான் லெபோ பினாங்கு. நம்ம ஆளுங்க வாயில எப்பவும் கிட்டங்கித் தெருதான். எந்தக் கிட்டங்கி?”

“கதவுல ரெண்டு யானை இருக்கும்னு அப்பா சொல்வாரு.”

“சரியாப் போச்சு. இவ்வளவு நேரம் அதுமேலதான் சாஞ்சிருந்தீங்க.”

திரும்பிப் பார்த்தார். இரண்டு யானைகள், தும்பிக்கை தூக்கியபடி. புஷ்பவள்ளி கைபேசியை எடுத்தார்.

பால்ராஜும் யானைகளைப் பார்த்தார். பிறகு வலக்கை உயர்ந்தது.

“ஆயிரத்து எண்ணூத்து எழுபத்தாறு! இதைக் கடைசியில காட்டணும்னுதான் வெச்சிருந்தேன்.”

சொல்லிக்கொண்டே கதவின் முன்னால் போய் நின்றார்.

“கொஞ்சம் நகருங்கண்ணே. தம்பிக்குக் கதவு மட்டும்தான் வேணும்.”

“ஆள் நின்னாத்தானம்மா கதவோட உயரம் தெரியும்! எடுங்க, எடுங்க. ஃபெரிக்கு நேரமாச்சு லா.”

ஆகியிருந்தது. ஒரே ஒரு படம்தான் எடுக்க முடிந்தது. ஈப்போவில் தம்பியின் தலைமாட்டில் இருக்கும் அந்தப் படத்தில் ஒரு யானையும், இன்னொரு யானை இருக்கவேண்டிய இடத்தில் பால்ராஜும் இருக்கிறார்கள்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் கிட்டங்கித் தெரு என்பது அந்தத் தெரு முழுவதும் அல்ல, இந்த முனையிலிருந்து அந்த முனைவரைதான் என்றோ, எழுபத்தாறு தப்பு, எண்பத்தொன்றுதான் சரி என்றோ திருத்த உங்கள் நாக்கு துடித்ததா? அப்படியானால் தயவுசெய்து சற்று நகர்ந்து நில்லுங்கள். உங்களுக்குப் பின்னால் ஒரு கதவு இருக்கிறது.