இடது கையின் மகிமை

உலகில் நீதி இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஆல்டன்பரி கல்லூரியின் மாணவர் சேர்க்கை அலுவலகத்தில், இரண்டாவது மாடியில், அது குளிரூட்டப்பட்டுப் பத்திரமாக வைக்கப்பட்டிருக்கிறது. நூறு பேர் விண்ணப்பித்தால் தொண்ணூற்றொரு பேரை மிகுந்த மரியாதையுடன் நிராகரிப்பது அக்கல்லூரியின் பாரம்பரியம். எஞ்சிய ஒன்பது பேரில் சிலர் லக்ராஸ் ஆடத் தெரிந்தவர்களாகத் தற்செயலாக அமைந்துவிடுவார்கள். அந்தத் தற்செயலை ஒவ்வொரு கோடையிலும் பாடுபட்டு ஏற்பாடு செய்வதுதான் மெரடித்தின் வேலை.

மெரடித்துக்கு முப்பது வயது. பெண்கள் லக்ராஸ் அணியின் துணைப் பயிற்சியாளர். நுனியில் வலைப்பை வைத்த கோலில் பந்தை ஏந்திக்கொண்டு ஓடும் இந்த ஆட்டம் ‘மனிதப் பண்புகளை’ வளர்ப்பதாகக் கல்லூரிக் கையேடு சொல்கிறது. எந்தப் பண்புகள் என்பதை நேரில் வந்து கண்டுகொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்கள்.

மெரடித் நேரில்தான் கண்டுகொண்டாள். ஜூன் மாதம் முழுவதும் டெலவேரிலும் மேரிலாந்திலும் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் பன்னிரண்டு மைதானங்களைப் பார்த்தாள். பெற்றோர்கள் பயிற்சியாளர்களிடம் பேசக் கூடாது என்பது விதி. விதியை மதிக்கும் குடும்பங்கள் என்பதால், பயிற்சியாளரின் காதுக்கு மூன்றடி தூரத்தில் நின்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

“நம்ம பொண்ணு லத்தீன் கூடப் படிக்கறா, தெரியுமா!” என்று ஒரு தந்தை தன் மனைவியைப் பார்த்துக் கத்தினார்.

“அப்படியா!” என்றாள் அந்தப் பெண்ணைப் பெற்றவள்.

அந்த ஜூனில்தான் ப்ரின் அகப்பட்டாள். மேரிலாந்துக்காரி. ஆட்டத்துக்கு ஏழு கோல். அவள் ஓடுவதைப் பார்த்ததும் தலைமைப் பயிற்சியாளர் டார்லீன் ப்ராக்வே, கடித்த சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டார். மதிப்பெண் பட்டியல் வந்த அன்று இன்னொரு சாண்ட்விச்சையும் கீழே வைத்தார்.

ஆல்டன்பரி எவருக்காகவும் தன் தரத்தைத் தாழ்த்துவதில்லை. அணியின் சராசரி மதிப்பெண் ஒரு கோட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது, அவ்வளவுதான். ஜூலையில் ஆட்டக்காரிகளின் கோப்புகள் இரண்டாவது மாடிக்குப் போகும். அங்கே ஸ்டாண்டிஷ் என்ற அதிகாரி ஒவ்வொன்றையும் படித்து, மேலட்டையில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஒரு வட்டப் பொட்டை ஒட்டுவார். ப்ரின்னின் கோப்புக்குச் சிவப்புப் பொட்டு.

“வேண்டாம்னு சொல்லல, டார்லீன்,” என்றார் அவர். “நாங்க யாரையுமே வேண்டாம்னு சொல்றதில்ல. ‘சமநிலை’ தேவைன்னு சொல்றேன்.”

“சமநிலைன்னா எத்தனை பாயிண்ட்?”

“ச்சேச்சே. மனுஷங்கள நாங்க எண்ணாப் பாக்கறதில்ல.” அவர் மெரடித்தின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு புள்ளி எட்டு.”

மெரடித் கணக்கில் புலி. இதே கல்லூரியில் கணிதத்தில் முதலாவதாக வந்தவள். அணியின் சராசரியைக் காட்டும் அட்டவணையைத் தயாரித்ததே அவள்தான். இருநூற்றுப் பத்து விண்ணப்பங்களை வடிகட்டி, ஒன்றே முக்கால் மணி நேரத்தில் ஒரு பெயரைக் கண்டெடுத்தாள்: நியூ ஜெர்சியைச் சேர்ந்த டாஃப்னி. எல்லாப் பாடத்திலும் ஏ. ஸ்டாண்டிஷ் அவள் கோப்பில் உணர்ச்சிவசப்பட்டு இரண்டு பச்சைப் பொட்டு ஒட்டினார். சேர்த்துப் பார்த்ததில் சராசரி சரியாக ஒன்று புள்ளி எட்டு ஏறியது. டாஃப்னி என்ன ஆடுவாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது பாரபட்சம் ஆகியிருக்கும்.

“இவ வந்தாத்தான் ப்ரின்,” என்றார் டார்லீன். “ப்ரின் வரலைன்னா ஆத்துக்கு அந்தப் பக்கத்துக் காலேஜுக்குப் போவா. அடுத்த வருஷம் நம்ம தலையிலயே ஏழு கோல் போடுவா. அப்புறம் நீயும் நானும் இன்ஷூரன்ஸ் விக்கப் போகலாம்.”

“எனக்கு விக்க வராது, கோச்.”

“எட்டு வருஷமா வேற என்ன பண்ணிட்டிருக்க?”

ஆட்டக்காரிகளைத் தொலைபேசியில் அழைப்பதற்கு டார்லீனிடம் பிளாஸ்டிக் உறையிட்ட அட்டைகள் இருந்தன. கோல் போடுகிறவளுக்கு நீல அட்டை. கோல் தடுக்கிறவளுக்கு மஞ்சள். வெள்ளை அட்டையை மட்டும் அவர் யாரிடமும் கொடுத்ததில்லை. அந்த அழைப்புகளைத் தானே செய்வார். இந்த முறை ப்ரின்னின் குடும்பத்தோடு நண்டு உடைத்துச் சாப்பிட மேரிலாந்து போக வேண்டியிருந்ததால், கிளம்பும் அவசரத்தில் அதை மெரடித்தின் மேசையில் போட்டார்.

“அப்படியே படி. உன் சரக்கு எதையும் சேக்காத.”

மெரடித் இந்தக் கல்லூரிக்கு வந்த கதையும் ஒரு தொலைபேசி அழைப்பில்தான் தொடங்கியது. பதினேழு வயதில், ராச்செஸ்டரில், அம்மாவின் சமையலறையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது வந்த அழைப்பு. அன்று டார்லீன் சொன்ன ஒரு வாக்கியத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பகிர்ந்தால் குறைந்துவிடும் போலிருந்தது. அதன் பிறகு அவள் இடது கையால் பல் தேய்க்கத் தொடங்கினாள். இடது கையால் காபிக் கோப்பையைத் தூக்கினாள், எழுதவும் பழகினாள். நான்கு வருடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தன்னைப் பெரிய ஆட்டத்துக்காகச் சேமித்து வைத்திருக்கிறார்கள் என்று நம்பினாள். பெரிய ஆட்டம் வந்தது. அப்போது, இதைவிடப் பெரிய ஆட்டம் ஒன்று இருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டாள். படிப்பு முடிந்ததும், இத்தனை நம்பிக்கை வைத்தவர்களுக்கு ஏதாவது திருப்பிச் செய்ய வேண்டும் என்று இங்கேயே தங்கிவிட்டாள்.

காலை பத்து மணிக்கு டாஃப்னியின் எண்ணை அழுத்தினாள்.

“ஹலோ டாஃப்னி, ஆல்டன்பரிலேருந்து மெரடித் பேசறேன்.” அட்டையைப் பார்த்தாள். “இந்தக் கோடையில எத்தனையோ பேரைப் பாத்தோம். நீ மட்டும் தனியாத் தெரிஞ்ச.”

“அப்படியா, கோச்?”

“உன் இடது கையில ஏதோ ஒண்ணு இருக்கு. அது சொல்லிக்குடுத்து வர்றதில்ல.”

கடைசிச் சொல் வாயைவிட்டுப் போன பிறகுதான் அது காதுக்கு வந்தது. மெரடித் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள், ஏனென்று தெரியாமல். உறையின் ஓரங்கள் பழுப்பேறியிருந்தன. ராச்செஸ்டரில் அன்று கையிலிருந்த தட்டின் ஈரம்கூட அவளுக்கு நினைவிருந்தது.

டாஃப்னி சொன்னாள்: “ஆமா கோச். மாவுக்கட்டு.”

“என்ன?”

“ஏப்ரல்லயே மணிக்கட்டு உடைஞ்சுபோச்சு. கோடை பூரா நான் ஆடவே இல்ல. ஓரமா உக்காந்து ஸ்கோர் எழுதினேன். உங்களுக்குப் பதினொரு மெயில் போட்டேனே. மூணாவதுல எக்ஸ்ரே கூட இருந்துது.”

அட்டையில் இதற்கு ஒன்றும் இல்லை.

“பரவாயில்ல கோச், சங்கடப்படாதீங்க. இந்த வாரம் நீங்க மூணாவது காலேஜ். மூணு பேருக்குமே என் இடது கைதான் பிடிச்சிருக்கு. இவ்வளவு தெரிஞ்சிருந்தா வலது கைய உடைச்சிருப்பேன்.” சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “எத்தனை பாயிண்ட் ஏத்தறேன்?”

ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல் நழுவுவதற்கு எட்டு வருடப் பயிற்சி மெரடித்துக்கு இருந்தது. இன்ஷூரன்ஸும் ஞாபகத்துக்கு வந்தது.

“ஒண்ணு புள்ளி எட்டு,” என்றாள்.

“ஓ. நல்லாத்தான் இருக்கு.” டாஃப்னி மூச்சை இழுத்துவிடுவது கேட்டது. “கோச், போன வருஷ வீடியோ அனுப்பியிருந்தேனே. அத யாராச்சும் பாத்தீங்களா?”

“இரு. இப்பப் பாக்கறேன்.”

மின்னஞ்சலைத் தேடித் திறந்தாள். மூன்று நிமிடம் நாற்பது வினாடி. இதுவரை பார்த்தவர்கள்: நான்கு.

“அந்த நாலும் எங்கப்பா,” என்றாள் டாஃப்னி, அவள் கேட்காமலே.

மெரடித் முழுவதையும் பார்த்தாள். மறுமுனையில் அந்தப் பெண் காத்திருந்தாள். திரையில், இவள்தான் டாஃப்னி என்று காட்ட, அவள் தலைக்கு மேல் ஒரு சிவப்பு அம்பு துள்ளித் துள்ளி ஓடியது. அவளைவிட அம்பு வேகமாக ஓடியது. நன்றாகத்தான் ஆடினாள். இங்கே ஆடும் அளவுக்கு இல்லை. ஆனால் பந்து வரும் என்று ஒவ்வொரு முறையும் கையை நீட்டிக்கொண்டு ஓடினாள். அந்த ஓட்டத்தை மெரடித்துக்குத் தெரியும்.

“உனக்கு வலது கை நல்லா இருக்கு,” என்றாள்.

“அது எனக்கே தெரியும். என்னை ஆட விடுவீங்களா?”

இதற்கு அட்டையில் பதில் இருந்தது: உழைக்கிற ஒவ்வொருத்தருக்கும் வாய்ப்பு வரும். மெரடித் அட்டையைக் குப்புறக் கவிழ்த்தாள்.

“நாலு வருஷத்துல நாப்பத்தொரு நிமிஷம்.”

“அவ்ளோ கரெக்டா எப்படிச் சொல்றீங்க?”

“நான் எண்ணிக்கிட்டிருந்தேன்.”

நியூ ஜெர்சியில் எங்கோ ஒரு நாய் குரைத்தது.

“அப்ப உங்க இடது கையும்...” என்று டாஃப்னி மெதுவாகத் தொடங்கி, நிறுத்திக்கொண்டாள். கெட்டிக்காரப் பெண், ரெட்டைப் பச்சை வீண் போகவில்லை. “உங்க கெமிஸ்ட்ரி லேப் எப்படி?”

“ரொம்ப நல்ல லேப். அதுல பொய் இல்ல.”

“சரி, வர்றேன் கோச். மத்த ரெண்டு பேரும் ‘நிறைய வாய்ப்பு’ன்னாங்க. நீங்க மட்டுந்தான் நிமிஷக் கணக்கு சொன்னீங்க.” பிறகு, கொஞ்சம் கூச்சத்தோடு: “நாப்பத்திரெண்டாக்கப் பாருங்க.”

மறுநாள் டார்லீன் மேரிலாந்திலிருந்து விரல் நுனியெல்லாம் நண்டு மசாலா வாசனையோடு திரும்பினார். செய்தி அதற்குள் இரண்டாவது மாடியை எட்டியிருந்தது. ஸ்டாண்டிஷ் ப்ரின்னின் சிவப்புப் பொட்டை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுப் பச்சையை ஒட்டினார். ஒரு பெண்ணின் மதிப்பெண்ணைப் பார்க்காமலும், இன்னொருத்தியின் ஆட்டத்தைப் பார்க்காமலும், இருவரையும் ‘முழு மனிதர்களாக’ மதிப்பிட்டுச் சேர்த்ததாகக் கோப்பில் குறிப்பு எழுதப்பட்டது.

“சொன்னேன்ல!” டார்லீன் மேசையைத் தட்டினார். “அந்த இடது கை வரி இருக்கே, இருபத்திரெண்டு வருஷத்துல ஒரு தடவகூடத் தோத்ததில்ல.”

“அது வேலைக்கு ஆகல, கோச். அவ கையில மாவுக்கட்டு.”

டார்லீனின் முகம் வாடியது. “அப்புறம் எந்த வரியில விழுந்தா?”

“நாலு வருஷத்துல நாப்பத்தொரு நிமிஷந்தான் ஆடக் கிடைக்கும்னு சொன்னேன்.”

சொல்லிவிட்டு மெரடித் அவர் முகத்தையே பார்த்தாள். அந்த எண் அவர் நினைவில் எங்காவது போய் முட்டும் என்று காத்திருந்தாள். பதின்மூன்று வருடம் காத்திருந்தவளுக்கு இன்னும் அரை நிமிடம் பெரிதில்லை.

“நாப்பத்தொண்ணா?” டார்லீன் நெற்றியைச் சுருக்கினார். “அதென்ன கணக்கு? எங்கேருந்து பிடிச்ச?”

டார்லீன் வெள்ளை அட்டையை எடுத்து அவள் பக்கம் நீட்டினார். “அடியில எழுதி வை. அடுத்த வருஷத்துக்கு ஆகும்.”

மெரடித் மார்க்கரை இடது கையில் எடுத்து எழுதினாள். எழுத்து கோணவில்லை, நல்ல பயிற்சி. டார்லீன் அட்டையைத் தள்ளிப் பிடித்து, உதடு அசைய இரண்டு முறை படித்தார். அவர் கண்கள் மெல்ல விரிந்தன.

“பிரமாதம்டி, மெரடித்,” என்றார். “கேக்கறதுக்கு நிஜம் மாதிரியே இருக்கு.”