இரைப்பையோடு நின்றுபோன பாடம்

அன்பும் அறிவும் அளவுக்கு மீறியே வாய்த்த என் அக்கா மகளுக்கு, உன் தாய்மாமன் எழுதுவது. இங்கே நான் நலமோ நலம். உன் நலத்தை விசாரிக்கப் போவதில்லை. நிரந்தர வேலையில் இருப்பவர்களை நோய்நொடி அண்டாது.

உன் கடிதம் கிடைத்தது. குடியிருப்பில் ஒற்றை அறையா இரட்டை அறையா என்று வெள்ளிக்கிழமைக்குள் ஆபீசில் சொல்ல வேண்டும், உன்னைச் சார்ந்து வாழ்பவர் கூட இருந்தால்தான் இரட்டை தருவார்கள், மாமா பேரைப் போடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். நன்றாகக் கேட்டாய். நானா சார்ந்து வாழ்பவன்? இந்தத் தெருவே என்னைச் சார்ந்துதான் நிற்கிறது. பேசாமல் ஒற்றை என்று சொல்லிவிடு. நீ தற்காலிக டீச்சராக இருந்தபோது வருஷா வருஷம் ஒப்பந்தம் நீண்டதே, அது யாரால்? தலைமையாசிரியைக்கு நான் வணக்கம் வைக்கிற தோரணையால். இப்போது தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் உனக்கு நிரந்தர வேலை கிடைத்ததையும் எல்லாரிடமும் அடக்கமாகத்தான் சொல்லி வைத்திருக்கிறேன்: நீ கையெழுத்துப் போடாமல் அந்த ஊரில் ஒருத்தரும் ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியாது என்று.

ஒரே ஒரு குறை. மறுநாள் நடத்துகிற பாடத்தைச் சாயங்காலம் என்னை மாணவனாக உட்காரவைத்து ஒத்திகை பார்ப்பாயே, அந்த வகையில் எட்டாம் வகுப்பு அறிவியலை நாலு தடவை படித்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான். ஜீரண மண்டலம் வரும்போதெல்லாம் தூங்கிவிடுவேன், அது வேறு. இந்தத் தடவை விழித்திருந்தேன். நீ பாதியில் கிளம்பிவிட்டாய். சாப்பாடு இரைப்பை வரைக்கும் வந்து நிற்கிறது. அப்புறம் எங்கே போனது என்று சொல்ல இந்த வீட்டில் ஆளில்லை. சரி, மிச்சத்தைக் கேட்டுவிடலாம் என்று பள்ளிக்கூடத்துக்குப் போய் உன் வகுப்பு ஜன்னலோரம் நின்றேன். உன் இடத்துக்கு வந்திருக்கிற சின்னப் பெண் "இரைப்பைக்கு அடுத்தது என்ன?" என்று கேட்டது. ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. உன் வகுப்பின் மானம் போகிறதே என்று வெளியிலிருந்தே "இதயம்" என்று கணீரென்று சொன்னேன். கைதட்டல் அடங்கவே வெகுநேரம் ஆயிற்று. சிரிப்பும் கொஞ்சம் கலந்திருந்தது. அதற்குள் வாட்ச்மேன் வந்துவிட்டான்.

"என்ன சார், இங்க நிக்கிறீங்க? டீச்சர்தான் போயிட்டாங்களே."

"தெரியும்யா. புதுசு எப்படி நடத்துதுன்னு பாக்க வந்தேன்."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

தலைமையாசிரியை கூப்பிட்டு நாற்காலி போட்டார். "வீட்டுல யாரும் இல்லையா சார்?" என்றார். "வீடு நிறைய ஆளுங்கம்மா, உக்காரத்தான் இடமில்ல" என்றேன். பொய்யில்லை. உன் அறையில் ரேடியோவும் என் அறையில் டிவியும் ஓடுகின்றன. இரண்டும் பேசிக்கொள்கின்றன, நடுவில் நான் புகுவதில்லை. அந்தச் சின்னப் பெண்ணுக்கும் தற்காலிக ஒப்பந்தம்தானாம். அவளுக்காகவும் வணக்கம் வைப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆகவே நான் இந்த ஊரை விட்டு அசைய முடியாது. இது முடிவான முடிவு.

பதவி உயர்வோடும் பென்ஷனோடும் நீ நீடூழி வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,
உன் தாய்மாமன்.

பி.கு.: ஒற்றை என்று இன்னும் சொல்லியிருக்க மாட்டாயே? இரட்டை என்றே சொல். சார்ந்து வாழ்பவர் என்று என் பேரைப் போட்டுக்கொள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். எழுத்து மட்டும் பெரிதாக இருக்கட்டும். அவசரத்தில் எவனாவது பார்க்காமல் விட்டுவிடப் போகிறான்.